அங்கிட்டும் இங்கிட்டும்

மூணாவது கியர் எங்கே இருக்கிறதென்று
இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.
ரெண்டிலிருந்து எடுத்து
மயிரிழை வலப்பக்கம் சாய்த்து
ஒரு மூச்சு தயங்கி
அப்புறம் மேலே தள்ளணும்.
தயங்காமல் தள்ளினால் அஞ்சில் விழும்.
பாலத்து ஏற்றத்தில் அஞ்சில் விழுந்த எஸ்டீம்
கிழட்டு ஆடாய் இருமும்.
பின்னால் வரும் டவுன்பஸ்காரன்
என் வம்சத்தையே பேர்சொல்லி விசாரிப்பான்.

பதினோரு வருசம் அப்படியே ஓட்டினேன்.
அங்கிட்டு இங்கிட்டு ஆடும் குச்சியை
அரிசி களைகிற மாதிரி களைந்துகொண்டு.

போன மாசம்தான் சிக்கல்.
உசிலம்பட்டியில் விடிய எடுத்த ரத்தம்
ஐஸ்பெட்டியில் என் பக்கத்து சீட்டில் வரும்.
வெறும்வயிற்றுச் சர்க்கரை, தைராய்டு,
யாரோ ஒருத்திக்கு நாள் தள்ளியிருக்கிறது.
ஒன்பதரைக்குள் மதுரை லேபில் சேர்க்கணும்.
ஒரே வாரத்தில் மூன்று குழாய் திரும்பி வந்தது.
"ரத்தம் உடைஞ்சிருக்கு, வழியில குலுங்குச்சா?"
என்று கேட்டாள் பதிவேட்டில் இருந்தவள்.
உடைந்த ரத்தம்
தர்பூசணித் தண்ணி நிறம்.
ஊசிக்குப் பயந்த கிழவரிடம்
போய் மறுபடி கையை நீட்டச் சொல்லணும்.

புதூரில் அபுதாகிர்
அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் போனான்.
செருப்பு மட்டும் வெளியே பேசிக்கொண்டிருந்தது.
வரும்போது உள்ளங்கையில்
மென்று துப்பின கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று.
"இந்தா இருக்கு பாருங்கக்கா, ஒங்க மூணாவது கியரு."

கம்பெனி புஷ் வர இருபது நாள் என்றார்கள்.
லேத்துப் பட்டறை சோணைமுத்து
வெர்னியரைக் கண்ணருகே பிடித்து
எதையும் எழுதாமல் மூணு அளவு சொன்னார்.
வெள்ளை நைலான் உருளை சுற்றச் சுற்ற
தேங்காய்த் துருவலாய் உதிர்ந்தது.
உள்ளே பித்தளைக் குழல், நகம் நுழையாத இறுக்கம்.
"குச்சியயும் ரெண்டு வெரக்கட கொறைக்கவா?
கை ரொம்பத் தூரம் போக வேணாம்ல."
கூலி எழுநூறு. டீ அவர் கணக்கு.

டக்.
அவ்வளவுதான். ஒன்று, ரெண்டு, டக், மூணு.
விரலால் சுட்டினால் போதும், போய் உட்காருகிறது.

செக்கானூரணி தாண்டியும்
என் கை மட்டும் தயங்கிக்கொண்டே இருந்தது.
இல்லாத பள்ளத்தில் இறங்கி
இல்லாத மேட்டில் ஏறி,
தேர்வு முடிந்தும் ஹாலை விட்டுக் கிளம்பாத பிள்ளை மாதிரி.

இன்னொன்று, அபுதாகிர் சொல்லாதது:
ரப்பர் இத்தனை நாளும்
எஞ்சின் சொன்னதையெல்லாம் விழுங்கியிருக்கிறது.
நைலானுக்கு அந்த நாசூக்கு கிடையாது.
மூணாவது பிளக் கொஞ்சம் சோம்பல்,
மவுண்ட் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது,
எல்லாம் குமிழ் வழியே
உள்ளங்கையில் வந்து ஒப்பிக்கிறது.
கருமாத்தூரில் வண்டியை ஓரங்கட்டிக்
கையை உதறினேன்.

குழாய்கள் எதுவும் திரும்பி வரவில்லை,
இருபத்தாறு நாளாக.

நேற்று சாயங்காலம் கொழுந்தன் ஒச்சப்பன்
வாசலில் நின்ற வண்டியைச் சுற்றி வந்தான்.
ஏழு வருசத்துக்கு முன்னால்
ஒரே ஒருதரம் இரவல் வாங்கினவன்;
தெருமுனையில் நடுரோட்டில் விட்டுவிட்டு
சாவியோடு நடந்தே வந்தவன்.
"மதினி, கியர் ரெடி பண்ணிட்டீங்களாமே.
ஞாயித்துக்கெழம குலசாமி கோயிலுக்கு..."

கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.
கிளட்சை மிதித்து
மயிரிழை வலப்பக்கம் சாய்த்து
ஒரு மூச்சு,
வேண்டுமென்றே ரெண்டு மூச்சு தயங்கிக்
குச்சியைத் தேடித் தேடிக் காட்டினேன்.
"எங்கிட்டுப்பா ரெடி ஆச்சு? ஏமாத்திப்புட்டான்."

அவன் உச்சுக்கொட்டினான்.
கை ஒரு பிசகில்லாமல் நடித்தது.